அந்த இரண்டு அட்சரம்

கேள்வி: நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். வயது 46, வங்கியில் வேலை. சின்ன வயதில் பத்து வருடம் பாட்டு கற்றுக்கொண்டேன். என் கணவர் பள்ளியில் கணக்கு ஆசிரியர், மிருதங்கம் வாசிப்பார். பெண் பார்க்க வந்த அன்று நான் பாடியபோது தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். அதைப் பார்த்துத்தான் நான் சரி என்றேன். இருபது வருடமாக கொலு, பக்கத்துக் கோயில், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று சேர்ந்தே பாடி வாசிக்கிறோம். இரண்டு வருடமாக மட்டும், உட்கார்ந்தால் சண்டையில்தான் எழுந்திருக்கிறோம். பாட்டின் வேகத்தை ஏற்றிக்கொண்டு நான் ஓடுகிறேன் என்கிறார். அவர் போடுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்பதில்லை என்கிறேன். போன நவராத்திரியில் கோயிலில் அவருடைய தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் மட்டும் வாசிப்பது) முடிந்து கல்யாணிக் கீர்த்தனையை நான் எடுக்கும்போது எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு ஆரம்பிக்கிற இடம், தவறிவிட்டது. எல்லோர் எதிரிலும் முறைத்தார். அன்றிலிருந்து மிருதங்கம் உறைக்குள் இருக்கிறது. பையன் பத்தாவது என்று வெளியில் சொல்லிக்கொள்கிறோம். இப்போது ஒரு பஜனைக் குழு அவரை வாசிக்கக் கூப்பிட, போகிறேன் என்கிறார். எனக்கு வலிக்கிறது. இனிமேல் அவரவர் வழியைப் பார்த்துக்கொள்வதுதான் நல்லதா? (கல்யாணமான புதிதில் வாங்கிய மிருதங்கம்தான், சுருதி ஐந்தரைக் கட்டை. மேலே போகும்போது இப்போதெல்லாம் கொஞ்சம் மூச்சு முட்டுகிறது. வயதாகிறது இல்லையா.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது உங்கள் வீட்டுக்காரர் மேல் எனக்கும் கோபம் வந்தது. இரண்டாம் தடவை கையில் பென்சிலோடு படித்து, கடைசியில் அடைப்புக்குறிக்குள் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருப்பதன் கீழே கோடு போட்டேன். எனக்கு வேண்டிய விஷயம் அதில்தான் இருக்கிறது.

குடும்ப ஆலோசனை சொல்கிற தகுதி எனக்குக் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வயலின்காரி. முப்பத்தைந்து வருடமாக, பாடுகிறவருக்கு ஒரு பக்கம் மிருதங்கமும் மறு பக்கம் நானுமாக உட்கார்ந்து வருகிறேன். அந்த இடத்திலிருந்து பார்க்கையில், நீங்கள் எழுதியிருப்பது புருஷன் பெண்டாட்டிப் பிரச்சினையாகத் தெரியவில்லை. முக்கால்வாசி சுருதிப் பிரச்சினை, மிச்சம் கணக்குப் பிரச்சினை.

சுருதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இருபத்தாறு வயதில் உங்களுக்கு ஐந்தரைக் கட்டை சுகமாக இருந்திருக்கும். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்குக் குரல் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறங்குவது சகஜம். பெரிய பெரிய பாடகிகளுக்கும் இறங்கியிருக்கிறது. அவர்கள் சத்தமில்லாமல் தம்புராவை இறக்கிக்கொண்டு பாடினார்கள், கேட்டவர்களுக்குக் குரல் இன்னும் கனிந்துவிட்டதாகத்தான் தோன்றியது. உங்கள் வீட்டில் குரல் இறங்கிவிட்டது, மிருதங்கம் இறங்கவில்லை. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

இது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். அனுபல்லவியில் தாரஸ்தாயி சட்ஜத்துக்கு, அதாவது மேல் 'ஸ'வுக்கு, போகிறீர்கள். அங்கே நீட்டி நின்று ஒரு கார்வை கொடுக்க வேண்டும். மூச்சு போதவில்லை. அரை மாத்திரை முன்னாலேயே கார்வையை விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்கு வந்துவிடுகிறீர்கள். நாலு தடவை இப்படி வந்தால் பாட்டின் காலப்பிரமாணமே, அதாவது வேகமே, ஏறிவிடும். உங்களுக்கு அது தெரியாது, ஏனென்றால் உங்கள் கவனமெல்லாம் தொண்டையில் இருக்கிறது. அவருக்குத் தெரியும். வாயால் சொன்னால் சண்டை என்று கையால் சொல்லப் பார்க்கிறார், அதாவது அழுத்தி வாசித்து உங்களை இழுத்துப் பிடிக்கிறார். அந்தச் சத்தத்தில் உங்கள் குரல் உங்களுக்குக் கேட்பதில்லை. கேட்காதபோது எல்லோரும் செய்வதையே செய்கிறீர்கள், இன்னும் கத்துகிறீர்கள். மூச்சு இன்னும் சீக்கிரம் தீர்கிறது. அவர் சொல்கிற "ஓட்டம்", நீங்கள் சொல்கிற "சத்தம்" இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு நுனி.

நேரில் கேட்காமல் இவ்வளவு உறுதியாகச் சொல்வது தப்புதான். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். போனில் தம்புராவை நாலரைக் கட்டையில் வையுங்கள். மிருதங்கம் உறைக்குள்ளேயே இருக்கட்டும். அவர் கையால் தாளம் மட்டும் போடட்டும். கோயிலில் பாடிய அதே கல்யாணிக் கீர்த்தனையைப் பாடுங்கள். முதல் பத்து நிமிடம் மந்தரத்தில் (கீழ் ஸ்தாயியில்) குரல் அடியில் போய்விட்டது போலக் கூச்சமாக இருக்கும், விடாதீர்கள். அனுபல்லவியில் அந்த சட்ஜத்தில் நின்று பாருங்கள். அங்கே நிற்க முடிந்தால் ஓட்டமும் அங்கேயே நின்றுவிடும். நாலரையிலும் முட்டினால் நாலு. அதில் ஒரு வெட்கமும் இல்லை.

மிருதங்கத்தை என்ன செய்வது? நாலு கட்டையிலிருந்து ஆறு வரைக்கும் அனேகமாக ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கம்தான், தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கத்தைவிடச் சின்னது. உங்கள் வீட்டில் இருப்பதும் அதுதான். அதனால் புது மிருதங்கம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஐந்தரைக்குக் கட்டியதைக் கல்லும் குச்சியும் வைத்துத் தட்டித் தட்டி ஒரு கட்டை இறக்கினால் நாதம் தொளதொளவென்று ஆகிவிடும். உங்கள் வீட்டுக்காரருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். வலந்தலை மூட்டை, அதாவது வலது பக்கத் தோலை, நாலரைக்கென்றே புதிதாகப் போடச் சொல்ல வேண்டும். அவர் இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்று கேட்கிறீர்களா? நீங்கள் "சுருதியை இறக்கலாம்" என்று ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொல்லியிருக்க மாட்டீர்கள். அவர் சொன்னால் "உனக்கு வயதாகிவிட்டது" என்று அர்த்தமாகிவிடும், எந்தப் புருஷன் சொல்லுவான்? இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சத்தத்தைப் பற்றி ஒன்றிரண்டு. வீட்டில் எந்த அறையில் உட்காருகிறீர்கள் என்று எழுதவில்லை. டைல்ஸ் போட்ட பத்துக்குப் பத்து அறையில், திரைகூட இல்லாமல் உட்கார்ந்தால் தொப்பியின் (மிருதங்கத்தின் இடது பக்கம்) கும்கி நாதம் சுவரில் மோதித் திரும்பும். கனத்த ஜமக்காளத்தை விரித்து, சுவரிலிருந்து தள்ளி உட்காருங்கள். மேடையில் உட்காருவது போலப் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம், வீட்டில் எதிரெதிரே உட்காருங்கள். உங்கள் வாய் அசைவதை அவர் பார்க்க வேண்டும். நீங்கள் மூச்சு எடுக்கிற இடம் தெரிந்துவிட்டால் நல்ல மிருதங்கக்காரர் அங்கே கையை இறக்கிவிடுவார்.

இனி எடுப்பு.

நவராத்திரியில் உங்களுக்குத் தவறியது அரை இடம் எடுப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். கோயில் மேடையில் தவறுவது பெரும்பாலும் அதுதான். சமத்தில், அதாவது தாளம் தொடங்குகிற இடத்திலேயே, ஆரம்பிக்கிற பாட்டில் அவ்வளவாகத் தவறாது. உங்கள் வீட்டுக்காரர் கணக்கு ஆசிரியர் என்பதால் இதைக் கணக்காகவே எழுதுகிறேன், அவரிடமும் காட்டுங்கள். ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனத்துக்கு (ஒரு சுற்றுக்கு) எட்டு எண்ணிக்கை, எண்ணிக்கைக்கு நாலு அட்சரம், மொத்தம் 32. அரை இடம் என்றால் சமத்துக்கு அப்புறம் இரண்டு அட்சரம் தள்ளி. "தகதகிட ததிகிணதொம்" என்ற சொல் ஐந்தும் ஐந்தும் பத்து. அதை மூன்று தடவை வாசித்து, நடுவில் ஒவ்வோர் அட்சரம் கார்வை (இடைவெளி) விட்டால் 10, 1, 10, 1, 10. கூட்டினால் 32. சமத்தில் வந்து நிற்கும். அதே சொல், நடுவில் இரண்டிரண்டு அட்சரம் கார்வை விட்டால் 34. நேராக உங்கள் எடுப்பில் கொண்டுவந்து விடும். கேட்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பாடுகிறவருக்கு அப்படி இல்லை. 34 என்றால் கடைசித் தொம் விழுந்த கையோடு பாட வேண்டும். 32 என்றால் தொம்முக்கு அப்புறம் அந்த இரண்டு அட்சரம் காத்திருந்து பாட வேண்டும்.

அன்றைக்கு அவர் வாசித்த கடைசிக் கோர்வை, அதாவது இப்படி முடிக்கிற சொற்கட்டு, சமத்துக்கா, எடுப்புக்கா? உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா? தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். உறவுக்குள் வாசிக்கிறவர்களிடம் நான் பார்க்கிற பெரிய வியாதி இது. வெளியாளாக இருந்தால் மேடை ஏறுவதற்கு முன்பு "சார், கடைசியில் எடுப்புக்கே முடிச்சிடறேன்" என்று மிருதங்கக்காரர் ஒரு வார்த்தை சொல்லுவார், இல்லை பாடுகிறவர் கேட்பார். இருபது வருடம் கூடவே இருந்தவர்கள் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். "இவளுக்குத் தெரியாததா" என்று அவர் நினைப்பார். "இவர் எப்போதும் போலத்தானே வாசிப்பார்" என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்த வருடம் பார்த்து அவர் புதிதாக ஒரு கோர்வை போட்டிருப்பார்.

அதனால் வாரத்தில் ஒரு நாள் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் பாடவே வேண்டாம். அவர் தனி வாசிக்கட்டும், தாளம் நீங்கள் போடுங்கள். கோர்வையை அவர் முதலில் வாயால் சொல்லட்டும், நீங்களும் கூடச் சொல்லுங்கள், அப்புறம் வாசிக்கட்டும். இருபது வருடமாக அவருடைய தனியின்போது நீங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டும் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டும் இருந்திருப்பீர்கள் (கோபப்படாதீர்கள், நானும் அப்படித்தான் இருந்தேன்). கணக்கோடு கேட்டால் மனிதர் எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார் என்று தெரியும். தாளம் போடுகிற கைக்கு இன்னொன்றும் தெரியவரும்: தனியில் அவரும் கொஞ்சம் ஓடுவார். ஓடாத மிருதங்கக்காரரை நான் பார்த்ததில்லை. ஆனால் அதை அன்றைக்கே சொல்லிக்காட்டாதீர்கள்.

முறைத்தது தப்பு. அதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. எனக்கு இருபத்துமூன்று வயதில் ஒரு கோயில் கச்சேரி. மிஸ்ர சாப்பு தாளத்தில் சுரம் பாடிக்கொண்டிருந்தார்கள். திருப்பி வாசிக்கையில் நடுவில் எனக்கு இடம் தெரியாமல் போய்விட்டது. வில் ஓடுகிறது, எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. மிருதங்கம் வாசித்தவர் அறுபதைத் தாண்டியவர். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த சமத்தில் தொப்பியில் ஒரு கும்கியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக விட்டார். அதற்கடுத்த ஆவர்த்தனத்திலும் அதே இடத்தில் அதே கும்கி. பிடித்துக்கொண்டேன். பந்தலில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் தெரியாது. இறங்கிய பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, "காபி சாப்பிட்டியா" என்றுதான் கேட்டார். பாடுகிறவருக்கு வழி காட்ட மிருதங்கத்திலேயே இடம் இருக்கிறது, அதற்குக் கண் தேவையில்லை. இந்தப் பத்தியை மட்டும் உங்கள் வீட்டுக்காரர் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள்.

நீங்களும் ஒன்றை விட வேண்டும். பாட்டின் நடுவில் நிறுத்தி "இப்ப என்ன சொன்னீங்க?" என்று கேட்கிற பழக்கம். நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும். என் அண்ணனும் நானும் சேர்ந்து சாதகம் செய்த காலத்தில் தினமும் ரகளை. எங்கள் அப்பா ஒரு சட்டம் போட்டார்: வாத்தியம் மடியில் இருக்கும்வரை வாய் பேசக் கூடாது. பேச வேண்டும் என்றால் வாத்தியத்தைக் கீழே வை. வயலினைப் பெட்டியில் வைத்து, வில்லைத் தளர்த்தி மூடுவதற்குள் பாதிக் கோபம் போய்விடும். மிருதங்கத்தை இறக்கி, இடந்தலையில் ஒட்டிய ரவையைச் சுரண்டி, உறை போடுவதற்கு இன்னும் நேரமாகும். உங்கள் வீட்டுக்கு அது வசதி.

அப்புறம், போனில் பதிவு செய்யுங்கள். அன்றைக்கே கேட்காதீர்கள். மறுநாள் காலையில் தனித்தனியாகக் கேளுங்கள், அவரவர் தப்பைப் பற்றி மட்டும் பேசுங்கள். மெட்ரோனோம் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பத்து நிமிடம் வைத்துக்கொள்ளலாம், மருந்து மாதிரி. அதற்கு மேல் வைத்தால் அது உங்கள் வீட்டுச் சண்டையில் சாட்சி சொல்ல வந்துவிடும்.

பையன் பத்தாவது என்பதற்குத் தனியாக ஆலோசனை எதுவும் இல்லை. சாயங்காலம் அவன் டியூஷன் போகிற நேரத்தில் முக்கால் மணி போதும். அமெச்சூர்களுக்குத் தினம் இரண்டு மணி நேரம் என்பதெல்லாம் நடக்காத காரியம்.

பஜனைக் குழுவுக்கு அவர் போகட்டும். உங்களுக்கு வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. பெண் பார்க்க வந்த அன்று தொடையில் போட்ட தாளத்தை வேறு யாருக்கோ போடப் போகிறார் என்பது போல இருக்கும். ஆனால் ஒருவருக்கே இருபது வருடம் வாசித்தால், அவருடைய மூச்சுக்கும் தப்புக்கும் ஏற்ற மாதிரி கை வளைந்துவிடும். பஜனையில் இருபது பேர் ஜால்ராவோடு பாடுவார்கள். ஒருவர் தவறினாலும் நாமாவளி நிற்காது. வாசிக்கிறவர் யாரையும் முறைக்க முடியாது, யாரை என்று முறைப்பது? அங்கே ஆறு மாதம் வாசித்துவிட்டு வந்தால் அவர் கை இளகியிருக்கும். நீங்களும் ஒரு தடவை வேறு மிருதங்கத்துக்குப் பாடிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு நன்றாக வாசிக்கிறார் என்பது அப்போது தெரியும். ஒருவேளை, எவ்வளவு சத்தமாக வாசிக்கிறார் என்பதும்.

ஜோடி என்றாலே கூடப் பிறந்தது, கூடவே வாழ்வது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஜோடியாகப் பாடிய ஆலத்தூர் சகோதரர்கள் சகோதரர்களே இல்லை. ஒருவர் குருவின் மகன், இன்னொருவர் அந்தக் குருவின் சிஷ்யர். அதேபோல் சேர்ந்து பாடிய ராதா, ஜெயலட்சுமி இருவரும் ஒன்றுவிட்ட சகோதரிகள். கணவன் மனைவியாகவே ஒரே மேடையில் நாகஸ்வரம் வாசிக்கிறவர்கள் என்றால் உங்கள் ஊர்க்காரர்களான ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபி மகபூப் தம்பதி இருக்கிறார்கள். உங்கள் வீட்டு அமைப்புக்கு இன்னும் பக்கத்தில் வேண்டுமானால் பாடகி பட்டம்மாள் குடும்பம். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி அய்யர் பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்தவர், பிறகு டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். கடைசியில் சம்பந்தியும் ஆனார். மணி அய்யரிடம் மிருதங்கம் கற்ற சிவகுமார் பட்டம்மாளின் மகன், பாடகி லலிதா மணி அய்யரின் மகள். இருவருக்கும் கல்யாணமாகி, அவர்களுக்குப் பிறந்தவர்தான் பாடகி நித்யஸ்ரீ. அந்த வீட்டில் சாதகம் எப்படி நடந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

இன்னொரு யோசனை. தியாகையர் ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமிக்கு இருவரும் திருவையாறு போய் வாருங்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து கல்லணை வழியாகக் காவிரிக் கரையோடு போய்விடலாம். விடியற்காலையில் கிளம்பினால் அவருடைய பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாட இடம் பிடிக்கலாம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகத்திலும் உள்ள ஐந்தும் ஆதி தாளம். நூற்றுக்கணக்கானவர்களோடு உட்கார்ந்து நீங்கள் பாடுங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடட்டும். நீங்கள் தவறினாலும் யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் பெண்களுக்கு அங்கே பாட இடமில்லை. தியாகையருக்கு அங்கே கோயில் எழுப்பி, பெண்களுக்காகச் சண்டை போட்டவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவருடைய சமாதியும் எதிரிலேயே இருக்கிறது, வரும்போது பார்த்துவிட்டு வாருங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் மிருதங்கத்தை உறையிலிருந்து எடுக்க வேண்டும். மூட்டு மாற்றக் கொண்டுபோகும்போது அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். நீங்களும் கூடப் போங்கள். போனில் தம்புராவை நாலரையில் வைத்து, அந்தக் கடைத் திண்ணையிலேயே உட்கார்ந்து சட்ஜம் பிடியுங்கள். அவர் தட்டிப் பார்க்கட்டும். சரியாக வருகிறவரைக்கும் இரண்டு பேரும் அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள்.